குயிலக்காவின் ரகசியக் குஞ்சு

காக்கை ஒன்று தோப்பில் சேனல் நடத்தி வந்தது. ஒருநாள் பாட்டுக்குப் பேர்போன குயிலிடம் பதறிக்கொண்டு போய், "அக்கா, உங்க குஞ்சு கீழே விழுந்துடுச்சு!" என்றது.

"ஐயோ, அடி பட்டுடுச்சா?" என்று அலறியது குயில்.

"சும்மா பிராங்க்! அப்போ உங்களுக்குக் குஞ்சு இருக்கு. எங்கே வளருது?"

"விட்டுடுங்க தம்பி. தெரிஞ்சா அதைக் கொத்தியே கொன்னுடுவாங்க."

சாயங்காலத்துக்குள் தோப்பு முழுக்க இதே பேச்சு. காக்கைகள் எல்லாம் மரம் மரமாகப் போய் அடுத்தவர் கூட்டைத் துழாவின.

களைத்துப்போய் வீடு திரும்பிய சேனல் காக்கை, தன் கடைக்குட்டிக்கு இரை ஊட்டியது. வாங்கி விழுங்கிய கடைக்குட்டி, "கூ" என்றது.

"பார்த்தியா," என்றது காக்கை மனைவியிடம். "இந்த வயசுலேயே குயில் மாதிரி மிமிக்ரி பண்றான். நாளைக்கு நம்ம சேனல்லயே பாட வெச்சுடலாம்."