கல்லுக்கு வைத்த பொட்டு

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் உள்ள சிறிய ஓவியக்கூடமொன்றில் வசந்தக் கண்காட்சி தொடங்க இன்னும் இரண்டு மணித்தியாலமே இருந்தது. நடுமண்டபத்தில் நின்ற ஆளுயரக் கருங்கல்லைப் பார்த்ததும் பராமரிப்பாளர் கஜதீபன் கிட்ட ஓடினான். கல்லில் குங்குமப் பொட்டு!

"அபிதா, நீரே வைச்சது?"

துடைக்க உதவிக்கு வந்திருந்த மனைவி தலை குனிந்தாள். "ஓம். சாமி மாதிரி நிண்டுது."

"இது சிற்பமப்பா! எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகேல்லை. தண்ணியில குழைச்சே வைச்சனீர்?"

"ஒட்டவேணுமே."

அவள் ஈரத்துணியை எடுத்தாள்.

"தொடாதையும்! மினுக்காத கல்லில கண்ணுக்குத் தெரியாத துளையள் இருக்கு. தேய்க்கத் தேய்க்கச் சாயம் உள்ளுக்குத்தான் இறங்கும்."

கதவு திறந்தது. மேலாளர் கியர்ஸ்டன் நேரே கல்லிடம் வந்தார்.

"மன்னியுங்கள், இந்தச் சிற்பத்தில்..." என்று கஜதீபன் டெனிஷில் இழுத்தான்.

"எந்தச் சிற்பம்? அது இனித்தான் லொறியில் வருகிறது. தரை பாரம் தாங்குமா என்று பார்க்க, அதே எடையில் இந்தக் கல்லை வைத்தோம். தாங்கிவிட்டது. இதை இப்போது கொண்டுபோய்ச் சல்லிக்கல்லாக உடைத்துவிடுவார்கள்."

கஜதீபனுக்கு மூச்சு வந்தது. சிரித்தபடி திரும்பினான். அபிதாவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"உடைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோப்பா!" அவன் கையை இறுகப் பிடித்தாள். "உங்கட வேலை நிரந்தரமாகவேணுமெண்டு இந்தக் கல்லுக்குத்தான் நேர்த்தி வைச்சனான்."