நிருஷாவின் முதல் வீடு

முதல் சந்திப்பிலேயே கஷ்டத்தைக் கேட்கக் கூடாது. வீடு வாசல் பற்றிப் பேசித்தான் நெருங்க வேண்டும். அப்படியும் ஒருவர் மனம் திறக்க மூன்று தடவையாவது போக வேண்டி வரும். சமூகப்பணி முதுமாணி வகுப்பில் நிருஷா படித்தது இதுதான்.

ஆனால் சண்டை ஓய்ந்த அந்த வருடம், நாவற்குடாவில் களப்பயிற்சிக்கு அவளுக்குக் கிடைத்த முதல் வீட்டில், வீட்டுக்கார அம்மா புஸ்பம் அரை மணி நேரத்திலேயே மனம் திறந்துவிட்டார்.

"இந்த வீடு ஆர்ட பேர்ல, அன்ரி?"

"மகள் கஜானிட பேர்ல. சுனாமிக்குப் பிறகு தந்த வீடு. ரெண்டு அறை, கிணறு, எல்லாம் இரிக்கி. தொதல் ஒரு துண்டு சாப்பிடுங்க மகள்."

"கஜானி என்ன செய்றாங்க?"

"பாலர் பாடசாலை ரீச்சர். கோவமே வராது."

பாடப் புத்தகம் எழுதியவர் மட்டக்களப்புப் பக்கம் வந்ததேயில்லை போலும் என்று நிருஷா பூரித்துப்போனாள். அப்போது கஜானி பட்டுச் சேலையில் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள்.

"நாங்க எல்லாம் சொல்லிற்றம்," என்றார் புஸ்பம். "இனி நீங்க சொல்லுங்க. மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

வீடு யார் பேரில் என்று இந்த ஊரில் வந்து கேட்பது மாப்பிள்ளை வீட்டார்தான். தான் யாரென்று சொல்ல மறந்தது அப்போதுதான் நிருஷாவுக்கு உறைத்தது.

மறுநாள் விரிவுரையாளரிடம் போய் நின்றாள்.

"எனக்கு வேற வீடு தாங்க, மிஸ்."

"ஏன், ஏசிற்றாங்களா?"

"இல்ல மிஸ். உண்மையச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஆனா சொந்தக்காரர்ட வீட்டப் பயிற்சிக்கு எடுக்கக் கூடாதெண்டு நீங்கதானே படிப்பிச்சீங்க?"

"அவங்க உமக்குச் சொந்தமா?"

"இன்னும் இல்ல மிஸ். ஞாயிற்றுக்கிழமதான் என்ட அண்ணன் அங்க பொம்புள பார்க்கப் போறார்."