பத்துக்கு எத்தனை?

“பத்துக்கு எத்தனை மார்க்கு போடுவீங்க? பயப்படாமச் சொல்லுங்க” என்றார் பேராசிரியர் லட்சுமிநாராயணன்.

‘பயப்படாம’ என்று கேட்டதும்தான் தவசிக்குப் பயம் வந்தது. சவரக்கத்தி, வாடிக்கையாக வரும் நல்லகாமனின் கன்னத்தில் பாதி வழியில் நின்றது.

எமர்ஜென்சி வந்து ஒரு வருடம் தாண்டியிருந்தது. எந்தெந்த நாட்டில் ஜனநாயகம் எவ்வளவு இருக்கிறது என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அளந்துகொண்டிருந்தது. இந்தியாவை அளக்கும் வேலையில் ஒரு துண்டு மதுரைக்கு வந்து, அதில் ஒரு துணுக்கு வாடிப்பட்டி ரோட்டில் தவசியின் சலூன் வரை வந்துவிட்டது. கண்ணாடிக்கு மேலே ‘இங்கு அரசியல் பேசாதீர்கள்’ என்று எழுதியிருந்தது. பேராசிரியர் நிறையப் படித்தவர். அதனால் இதைப் படிக்கவில்லை.

“எதுக்கு சார் மார்க்கு?”

“பேச்சுச் சுதந்திரத்துக்கு. சர்க்காரை எதிர்த்து நினைச்சதைப் பேச முடியுதா?”

“தாராளமா. பத்துக்குப் பத்து போட்டுக்கங்க. பதினொண்ணு இருந்தாலும் போட்டுக்கங்க.”

தவசியின் மகன் முத்திருளன், சர்க்காரைத் திட்டிச் சுவரொட்டி ஒட்டியதற்காக ஜெயிலில் இருந்தான். ‘அப்பன்காரன் வாயை மூடிக்கிட்டு இருந்தா, மகன் பொங்கலுக்கு வீடு வருவான்’ என்று போலீஸில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து ‘தலையைச் சாய்ங்க’ என்பதற்கு மேல் தவசி யாரிடமும் எதுவும் பேசுவதில்லை.

“நான் போடுறேன் சார் மார்க்கு” என்றான் நல்லகாமன், கன்னத்து நுரையோடு. “முட்டை. நல்ல வாத்து முட்டையாப் பாத்துப் போடுங்க. போஸ்டர் ஒட்டுன பயலை உள்ள வச்சுக்கிட்டு சுதந்திரமாம், வெங்காயம்.”

தவசி வாசலைப் பார்த்தார். “பேசாம இரு தம்பி. கத்தி பட்டுரும்.”

“பட்டா படட்டும்ணே. எத்தனை நாளைக்குத்தான் பயந்து சாகுறது?”

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. “ஒருத்தர் நடுக்கடையில உட்கார்ந்து இப்படி முட்டை போட முடியுதுன்னா, நாட்டுல சுதந்திரம் இருக்குன்னுதானே அர்த்தம்? ஏழு போட்டுக்கிறேன்.”

இந்தியாவை நாலைந்து நாடுகளுக்கு மேலே தூக்கி வைத்துவிட்ட திருப்தியோடு சைக்கிளேறிப் போனார்.

கடையில் வேறு யாரும் இல்லை. தவசிக்குக் கண் கலங்கியது. பாராட்டத் தெரியாத மனிதர். இன்னொரு தடவை சோப்பு போட்டுவிட்டார்.

“எனக்கு இல்லாத தைரியம் ஒனக்கு இருக்குப்பா” என்றார் தாழ்ந்த குரலில். “எம் மகன்கிட்ட அந்தப் போஸ்டரை யாரு எழுதுனதுன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்களாம். கடைசி வரைக்கும் வாயைத் தெறக்கலையாம். எழுதுனதே நாந்தான் தம்பி. அவன் ஒட்டத்தான் செஞ்சான்.”

நல்லகாமன் கண்ணாடியில் தெரிந்த அவர் முகத்தைப் பார்த்தான்.

“இந்த ஒரு வார்த்தைக்காக எம்புட்டு நாளாண்ணே ஒங்க கத்திக்குக் கன்னத்தைக் காட்டிக்கிட்டு இருக்கேன்” என்றான் அலுப்போடு. “சரி, மறுகன்னத்தையும் மழிச்சு விட்டுருங்க. ஒங்களைக் கூட்டிக்கிட்டு இன்ஸ்பெக்டர் அய்யா முன்னாடி அரைத்தாடியோட போயி நிக்க முடியாது.”