யாக்கோபின் சுண்டு விரல்

கிதாரின் ஏழாவது ஃப்ரெட்டில் அவள் ஊன்றிய சுண்டு விரல், ஆறு நிமிடமாகியும் எழவில்லை.

மற்ற மூன்று விரல்களும் கீழ்த் தந்திகளில் ஓடின, தாவின, ஒன்றையொன்று இடறிக்கொண்டு திரும்பின. அந்த ஒற்றைச் சுரம் மட்டும் அவற்றின் தலைக்கு மேல், நின்ற இடத்திலேயே ஒலித்துக்கொண்டிருந்தது.

தேர்வாளர்கள் மூவரில் ஒருவர் பேனாவை மூடி வைத்தார். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

இசைக்கல்லூரியின் தனிக் கச்சேரிப் பிரிவில் இருந்தது ஒரே இடம். வந்திருந்தவர்கள் பதினோரு பேர். அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க அவளுக்கு வயது தாண்டிவிடும். இன்று தவறினால், வாத்தியக் கடையில் அடுத்தவர் கிதாருக்குத் தந்தி மாற்றுவதுதான் ஆயுசுக்கும்.

உருப்படி அவளே இயற்றியது. ஆற்றங்கரையில் தனியே அகப்பட்ட யாக்கோபு, முகம் தெரியாத தேவதூதனோடு விடிய விடிய மல்லுக்கட்டிய கதை. ஆசி பெறாமல் அனுப்பமாட்டேன் என்று பிடித்த பிடியை அவன் விடவில்லை.

சுண்டு விரலும் விடவில்லை.

எட்டாவது நிமிடத்தில், அலைந்த விரல்கள் மூன்றும் அந்தச் சுரத்தோடு வந்து இசைந்தன. ஆறு தந்திகளும் ஒருசேர அதிர்ந்தன. கதையில் விடிந்துவிட்டது.

தேர்வறையில் கை தட்டக் கூடாது என்பது விதி. பேனாவை மூடியவர்தான் முதலில் தட்டினார்.

மூத்த தேர்வாளர் தாமே பெயர்பெற்ற கிதார்க் கலைஞர். அவளுடைய இசைக்குறிப்பை வாங்கி, தம் கிதாரில் வாசித்துப் பார்த்தார். மூன்றாவது வரியிலேயே அவருடைய சுண்டு விரல் துள்ளி எழுந்தது. மறுபடி வாசித்தார், மறுபடியும் எழுந்தது. சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளையைப் பார்ப்பது போல அதைப் பார்த்துச் சிரித்தார். விரலுக்கு இத்தனை அடக்கத்தை எப்படிக் கற்றுக்கொடுத்தாய் என்று கேட்டார். பழகிவிட்டது என்றாள்.

பிறகு, வேதாகமம் படித்தவர் என்ற உரிமையில் ஒரு குறையும் சொன்னார். யாக்கோபுக்கு அந்த இரவில் தொடைச் சந்து சுளுக்கிக்கொண்டது. ஆசியைப் பெற்றவன் நொண்டிக்கொண்டுதான் வீடு போனான். அந்த நொண்டல் இந்த இசையில் எங்கே?

"இருக்கு சார். உங்களுக்குக் கேட்கலைன்னா ரொம்ப சந்தோஷம்."

அதை அவர் குறும்பு என்று எடுத்துக்கொண்டார். இடம் அவளுக்கே என்று மூவரும் அங்கேயே கையொப்பமிட்டார்கள்.

தாழ்வாரத்து பெஞ்சில் அண்ணன் காத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆனாலும் வழக்கம் மாறாமல் தைலப் புட்டியைத் திறந்து, அவளுடைய இடக்கையைத் தன் மடிக்கு இழுத்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பின்னால் பார்க்காமல் அவன் அறைந்து சாத்திய வேன் கதவில் சிக்கி, மடங்கியபடியே இறுகிப்போன சுண்டு விரல். என்றைக்காவது நிமிர்ந்துவிடும் என்று மூன்று வேளையும் நீவிக்கொண்டிருக்கிறான்.

அவள் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"விடுண்ணா. அதுக்குத்தான் இடம் கிடைச்சிருக்கு."