மூன்றாவது மூலை

பஞ்சு வைத்த போர்வையின் ஓரத்துக்குச் சிவப்புப் பட்டி பிடித்துக்கொண்டிருந்த பவளக்கொடி, மூன்றாவது மூலையில்தான் அந்த ஒட்டுத் துணியைப் பார்த்தாள். பல ரவிக்கைகளையும் சட்டைகளையும் வெட்டிச் சேர்த்த போர்வை. அதில் மஞ்சள் பூப்போட்ட துண்டு ஒன்று. துணி பத்தாமல் ரவிக்கையின் கக்கத்தில் அவளே கோணலாக வைத்த ஒட்டு அப்படியே இருந்தது. நாலு மாதத்துக்கு முன் காணாமல் போன தங்கை சுகந்தி, கடைசியாகக் கிளம்பிய அன்று போட்டிருந்த ரவிக்கை.

பெடலில் கால் நின்றுவிட்டது.

"என்னம்மா, நூல் அறுந்துடுச்சா?" போர்வையைக் கொண்டுவந்த ஆள் எதிர் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தான்.

"இல்லைங்க. மூலையை மடிக்கணும்."

இன்னும் ஒன்றரைப் பக்கம்தான். பட்டி முடிந்தால் எழுந்து போய்விடுவான். சுகந்தி இருக்கும் இடமும் அவனோடு போய்விடும். போனோ அவன் முதுகுக்குப் பின்னால், அலமாரியில். யாராவது ஒரு வாடிக்கையாளர் உள்ளே வரும்வரை இழுத்தடிக்க வேண்டும். தைத்ததைப் பிரித்தாள். மறுபடி தைத்தாள். மறுபடியும் பிரித்தாள்.

"வெயில் உன் கண்ணுல அடிக்குது பாரு." அவன் எழுந்து ஷட்டரை முக்கால்வாசி இறக்கினான். திரும்பி வந்து, அவள் விரல்களையே பார்த்தபடி உட்கார்ந்தான்.

"அவசரமில்ல, நிதானமா தைம்மா. உன் தங்கச்சியும் மூலை வந்தா இப்படித்தான், பிரிச்சுப் பிரிச்சுத் தைப்பா."