போகிக்கு நகர்த்திய செடி

தத்துப்பிள்ளை நிலானி வீட்டுக்கு வந்த அன்றே தத்து அலுவலகத்திலிருந்து ஃபைக்கஸ் செடியும் வந்து கூடத்தில் அமர்ந்தது. ஆறு மாதத்தில் நூறு இலைக்கு மேல் உதிர்ந்தால் அந்த வீட்டில் நிம்மதி இல்லை என்று பொருள். பிள்ளையைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். தொட்டியில் பொருத்திய கருவி உதிரும் ஒவ்வொரு இலையையும் எண்ணியது. செவ்வந்தியும் கணவன் கதிரேசனும் ஐந்து மாதமாக ஒருவரையொருவர் அதட்டிக்கூடப் பேசவில்லை. உதிர்ந்தது பதினொரு இலைதான்.

போகிக்கு முன்னால் சுவருக்கு வெள்ளையடிக்க, செவ்வந்தி தொட்டியைப் பால்கனிக்குத் தள்ளினாள். இரண்டே நாள்தான். பொங்கலன்று காலையில் பால்கனித் தரை முழுக்க இலை.

லீவு முடிந்ததும் அதிகாரி வந்து கருவியைப் பார்த்தாள். “நூத்தி நாப்பத்திரெண்டு.”

“சண்டை கிண்டை ஒண்ணும் இல்ல மேடம். வெள்ளையடிக்கத் தள்ளி வெச்சேன். அதுக்கே இப்படிக் கொட்டிடுச்சு.”

“எல்லா வீட்லயும் ஒரு காரணம் இருக்கும்மா. அதை எழுத என் படிவத்துல இடம் இல்ல.”

நிலானி உதிர்ந்த இலைகளைக் கவுனில் அள்ளி வந்து, ஒவ்வொன்றாகக் கிளையில் செருகிப் பார்த்தாள். “அம்மா, நிக்க மாட்டேங்குது.”

உள்ளே கதிரேசன் குழந்தையின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

அலுவலக வண்டியின் டிரைவர் தொட்டியைத் தூக்கியபோது அதிகாரி பதறினாள். “மெதுவாண்ணே, ஆட்டாம எடுங்க. இடம் மாத்தினா அது தாங்காது.”

பிறகு நிலானியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.