மேசையும் ஹெல்வெத்தியாவும்

ஆகஸ்ட் ஒன்று, நாட்டின் பிறந்தநாள். வெயில் தாழ்ந்ததும் சுவிட்சர்லாந்தின் அவான்ஷ் மேட்டில் ஊரே கூடி விறகுக் குவியலுக்குத் தீ வைத்தது.

குவியலின் உச்சியில் ஒரு மேசை.

மிரேய் அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேற்று அவளேதான் தன் மேசையையும் நாற்காலிகளையும் இந்த நெருப்புக்கென்று ஆர்மானின் டிராக்டரில் ஏற்றிவிட்டாள். நாளைக் காலை கனடாவுக்கு விமானம். திரும்பி வரும் நினைப்பே வரக்கூடாது என்று ஒரு வீறாப்பு.

உண்மையில் போக மனமே இல்லை. "போகாதே" என்று ஆர்மான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதினோரு வருடமாகப் பக்கத்து வீடு. வாயைத் திறந்தால் மழையும் மாடும்தான். சரியான உம்மணாமூஞ்சி!

ஊர்த் தலைவர் ஒயின் கோப்பையோடு பேச எழுந்தார்.

"நம்ம காசுல, தபால்தலையில எல்லாம் ஹெல்வெத்தியான்னு லத்தீன்ல போட்டிருக்கே, ஏன்? நாலு மொழி பேசுற வீடு. ஒரு மொழியில பேர் போட்டா மத்த மூணும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்! அந்தப் பேர் ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி இங்க வாழ்ந்த ஹெல்வெத்தியர்ங்கிற கூட்டத்தோடது. அவங்க என்ன பண்ணாங்க? இந்த இடமே வேணாம்னு சொந்த வீட்டையெல்லாம் கொளுத்திட்டுக் கிளம்பினாங்க. வழியில சீசர் அடிச்ச அடியில திரும்பி வந்து அதே வீட்டைக் கட்டினாங்க. ஓடிப்போகப் பாத்தவங்க பேரைத்தான் நாட்டுக்கு வெச்சிருக்கோம்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"உன்னைத் திருப்பி அனுப்ப எந்த சீசர்டி வரப்போறான்?" என்று தோழி ஓடில் மிரேயின் விலாவில் இடித்தாள்.

மிரேய்க்குச் சிரிப்பு வரவில்லை. கண் மறுபடி மேசைக்கே போனது.

அப்போது மேசை ஒரு பக்கமாகச் சரிந்தது. அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவளுடைய மேசைக்கு இழுப்பறை உண்டு. இதற்கு இல்லை.

ஆர்மான் நெருப்போரம் குச்சியில் தொத்திறைச்சியைக் கருக்கிக்கொண்டிருந்தான். அவள் நேரே அவனிடம் போனாள்.

"என் மேசை எங்க?"

"என் சமையலறையில." அவன் நிமிரவில்லை. காது மடல் சிவந்திருந்தது. "எரியறது என்னோடது. இனிமே சாப்பிடணும்னா உன் மேசைதான். நாற்காலி வேற நாலு இருக்கு. நான் ஒருத்தன் எத்தனையில உக்கார?"

மிரேய் குச்சியைப் பிடுங்கி, கருகியதில் பாதியைக் கடித்தாள்.

"மீதியை வீட்ல போய்ச் சாப்பிடலாம் வா," என்றாள்.